கொங்கடியும் மூன்று மாநிலங்களும்

சிகந்தராபாத்துக்கு வடகிழக்கே, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு சைனிக்புரி. இன்று அங்கே ஆட்டு மந்தையைத் தேடினாலும் காண முடியாது. ஆனாலும் தக்காணப் பீடபூமியின் கம்பளித் தொழிலைப் பற்றிப் பேச அந்த இடத்திலிருந்து தொடங்குவதில் நியாயம் உண்டு. 1992இல் பெண் கால்நடை மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய ‘அந்த்ரா’ அமைப்பு, ஒரு காலைப் புணேயிலும் மறு காலைச் சைனிக்புரியிலும் ஊன்றி வேலை செய்தது. சாகரி ராம்தாஸ், நித்யா கோட்கே முதலியோர் மகாராஷ்டிரத்திலும் அன்றைய ஆந்திரத்திலும் உள்ளூர் ஆட்டினங்களையும் மேய்ப்பர்களின் வைத்திய அறிவையும் ஊர் ஊராகப் பதிவு செய்தார்கள். அதே சைனிக்புரிக்குச் சற்றுத் தள்ளியுள்ள அல்வாலில் வாழ்ந்த மக்கள் பாடகர் கத்தர், தோளில் ஒரு கறுப்புக் கம்பளியோடுதான் மேடை ஏறுவார். தெலங்கானாவில் அதற்குக் கொங்கடி என்று பெயர். தனி மாநிலப் போராட்டக் காலத்தில் அந்தக் கொங்கடியை அறியாத வீடு இல்லை. 2014இல் மாநிலம் பிறந்தது. கொங்கடி நெய்யும் தறிகளோ அதற்குள் ஊருக்கு ஒன்று இரண்டாகச் சுருங்கியிருந்தன. யாருக்கும் வேண்டாத சரக்கு, சந்தை கைவிட்டது, தொழில் படுத்துவிட்டது என்று சுருக்கமாகச் சொல்லி முடிப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். ஒரே நிலம், ஒரே ஆடு, ஒரே தறி என்று இருந்த தொழில் மூன்று மாநிலக் கால்நடைத் துறைகளுக்கிடையே பங்கு பிரிந்து, எந்த ஒன்றிலும் முழுப் பொறுப்பில்லாமல் போனதே மறுபாதி. எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்ற பெயரில் கடல் கடந்து போனவர்கள் பக்கத்து மாவட்டத்துக்குப் போகவில்லை.

முதலில் அந்த ஆட்டையும் துணியையும் தெரிந்துகொள்ள வேண்டும். தக்காணி என்று வழங்கும் செம்மறி பெரும்பாலும் கறுப்பு நிறம், வறண்ட புல்வெளிக்குப் பழகிய உடம்பு. ஆண்டுக்கு இருமுறை மயிர் கத்தரிப்பார்கள். இரண்டும் சேர்த்து ஒரு ஆட்டில் அரைக் கிலோவோ சற்று மேலோதான் தேறும். மெரினோ ஆடு ஒன்று நான்கைந்து கிலோ தரும் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இழையும் முரடு. மெரினோ இழை ஏறத்தாழ 20 மைக்ரான் பருமன் என்றால் இது 40ஐத் தாண்டும். கத்தரித்த மயிரில் சிக்கிய முள்ளையும் நெருஞ்சியையும் பெண்கள் கையால் பிரித்தெடுப்பார்கள். வில் நாணால் அடித்துப் பஞ்சாக்கி இராட்டையில் நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவி, பெரிய தூரிகையால் நீவி, வெயிலில் காயவிடுவார்கள். முரட்டு இழை அந்தப் பசையைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான மெல்லிய இழைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. நெசவாளி குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, கனத்த மரப்பலகையால் ஊடை அடித்து இறுக்குவார். சாயம் கிடையாது. ஆட்டின் கறுப்புதான் துணியின் கறுப்பு. புதுக் கொங்கடி பலகை போல விறைத்து நிற்கும். ஆண்டுகள் புழங்கப் புழங்க இளகும். மழையில் ஒரு முனையைத் தலைக்கு மேல் கூம்பாக மடித்துப் போட்டுக்கொண்டால் குடை வேண்டாம். நனைந்தாலும் உடம்புச் சூடு போகாது. விரிப்பு, போர்வை, தானிய மூட்டை, ஆட்டுக்குட்டியைச் சுமக்கும் தூளி எல்லாமே அதுதான். திறந்தவெளியில் கிடை போட்டு இரவைக் கழிக்கிறவர்கள் தங்கள் வேலைக்கென்றே உருவாக்கிய துணி இது. மென்மை குறைவு என்பதைக் குறையாக எண்ண அவர்களுக்குக் காரணமே இருந்ததில்லை.

இந்த ஆடும் துணியும் பரவியிருந்த நிலத்தை இன்றைய வரைபடத்தில் தேடினால் மூன்று மாநிலங்களில் கால் வைக்க வேண்டும். மேதக், மகபூப்நகர் பக்கத்தில் குருமர்கள் கொங்கடி நெய்தார்கள். சித்ரதுர்கா, ஹாவேரி, பெலகாவி பக்கத்தில் குருபர்கள் நெய்தார்கள். அவர்களிடையே திருமணத்தில் மணமக்கள் கையில் கம்பளி நூலில் காப்புக் கட்டுவோர், பருத்தி நூலில் கட்டுவோர் என்று உட்பிரிவே உண்டு. சோலாப்பூர், சாங்லி, கோலாப்பூர் பக்கத்தில் தன்கர்கள் மேய்த்தார்கள்; அவர்களிலேயே ஒரு பிரிவினரும் சணகர்களும் தறியில் உட்கார்ந்தார்கள். மொழி மூன்று, தெய்வம் ஒன்று. தெலங்கானாவின் பீரப்பாவே மகாராஷ்டிரத்தில் பிரோபா. கொமுரவெல்லி மல்லண்ணாவும், கர்நாடகத்து மைலார லிங்கப்பாவும், ஜெஜூரி கண்டோபாவும் ஒரே மேய்ச்சல் தெய்வத்தின் வடிவங்கள் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் குந்தர் சோந்தைமர் பல பத்தாண்டு ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். சடங்கில் கம்பளி விரித்துத்தான் தெய்வத்தை உட்காரவைப்பது இந்த நிலம் முழுவதும் வழக்கம். புல் எங்கே முளைக்கிறதோ அங்கே மந்தை போகும்; மந்தை போகும் பாதையில் சந்தை கூடும்; சந்தைக்குப் பக்கத்தில் தறி இருக்கும். இந்த நிலத்தின் ஒரு பகுதி 1956 அக்டோபர் 31 வரை ஹைதராபாத் என்ற ஒரே மாநிலத்துக்குள் இருந்தது. மறுநாள், நவம்பர் 1 அன்று, மொழிவழிப் பிரிவினையில் தெலங்கானா ஆந்திரத்தோடும், மராத்வாடா பம்பாயோடும், பீதர், குல்பர்கா, ராய்ச்சூர் பகுதிகள் மைசூரோடும் சேர்ந்தன.

ஹைதராபாத்தின் நிஜாம் ஆட்சியைப் பொற்காலமாக்கி மொழிவழி மாநிலங்களைக் குறை சொல்வதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆட்சியில் மேய்ப்பர் பட்ட பாடு எழுத்தில் உண்டு. தேஷ்முக் என்ற பெருநிலக்கிழார் வீட்டில் கல்யாணமென்றால் மந்தையிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டுபோய் விட வேண்டும். அதற்குப் பெயர் வெட்டி. பொதுவுடைமைத் தலைவர் சுந்தரய்யா தெலங்கானா போராட்ட வரலாற்றில் அதை விவரித்திருக்கிறார். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் ஜமீன்தாரின் ஆட்கள் சுட்டதில் உயிர்விட்ட தொட்டி கொமுரய்யா, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் முதல் தியாகியாகப் போற்றப்படுபவர், குருமர் குலத்தவர். மொழிவழி மாநிலம் அந்த மக்களுக்குப் பள்ளியையும் வாக்கையும் தம் மொழியில் கொடுத்தது. அது வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் எல்லைக் கோட்டை வரைந்தவர்கள் பேசும் மொழியைப் பார்த்து வரைந்தார்கள். புல்வெளியையும் ஆட்டினத்தையும் பார்த்து வரையவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. கோடு போட்ட பிறகு அதைத் தாண்டிக் கம்பளிக்கென்று ஒரு ஏற்பாடு செய்திருக்கலாம். ஆற்று நீருக்குத் தீர்ப்பாயம் அமைத்தோம், மின்சாரத்துக்குப் பொதுக் கம்பி இழுத்தோம். ஆட்டு மயிருக்கு யாரும் கேட்கவில்லை.

மாநில எல்லையில் கம்பளிக்குச் சுங்கம் கிடையாதே, குருமர் பீதருக்குப் போய் மயிர் வாங்குவதை யார் தடுத்தார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. எல்லை மூட்டையைத் தடுப்பதில்லை. எந்தக் கிடாயை வளர்ப்பது, எந்த இனத்துக்கு மானியம், எதைக் கணக்கில் எழுதுவது என்ற முடிவுகளைத்தான் அது துண்டாக்குகிறது. கால்நடை மாநிலப் பொறுப்பு. தக்காணி ஆடு எந்த மாநிலத்திலும் முழுதாக இல்லை. ஆகவே எந்தத் துறைக்கும் அது முதல் அக்கறை ஆகவில்லை. மகாராஷ்டிரத்தில் அதன் லோணந்து, சங்கம்னேரி, சோலாப்பூரி, கோலாப்பூரி வகைகளைத் தனியே பதிந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள அதன் உறவை வேறு அலுவலகம் வேறு ஏட்டில் எழுதியது. இன்னொரு பக்கம், இறைச்சி ஆட்டுக்கு எல்லை ஒரு பொருட்டே அல்ல என்பதை 2017 காட்டியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் தெலங்கானா அரசு 20 பெட்டை, ஒரு கிடாய் கொண்ட மந்தையை 75 விழுக்காடு மானியத்தில் மேய்ப்பர் குடும்பங்களுக்கு வழங்கத் தொடங்கியது. மந்தை ஒன்றின் மதிப்பு 1.25 லட்சம் ரூபாய். ஆடுகளை அண்டை மாநிலங்களில் வாங்கி லாரி லாரியாகக் கொண்டுவந்தார்கள். கேட்பு இறைச்சிக்கே; வந்தவற்றில் நெல்லூர் என்ற இறைச்சி இனத்தின் இரத்தம் கலந்த, மயிர் குறைந்த ஆடுகளே மிகுதி. 2019 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.9 கோடி செம்மறிகளோடு தெலங்கானா நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. 2021–22இல் நாட்டின் கம்பளி உற்பத்தி சுமார் 3.3 கோடி கிலோ. அதில் தெலங்கானாவின் பங்கு அந்த ஆட்டு எண்ணிக்கைக்கு ஏற்றதாக இல்லை. ஆட்டு எண்ணிக்கையில் முதலிடம் பிடித்த மாநிலத்தில் மேய்ப்பர் கையிலிருந்து கூலி கொடுத்து மயிர் கத்தரித்து, அதை முள்வேலி ஓரம் கொட்டிவிட்டுப் போகிறார். இதைச் சந்தையின் தீர்ப்பு என்று எப்படி ஏற்பது? வாங்கவும் தரம் பிரிக்கவும் ஒரு ஆள்கூட நிற்காத இடத்தில் சந்தை ஏது?

எல்லை தாண்டிய ஒத்துழைப்பே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நடந்தது, ஆனால் தொலைவிலிருந்து வந்தது, ஆட்டை மாற்ற வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆலைகளுக்கு மென்கம்பளி வேண்டியிருந்தது. அதற்காக மைசூரிலும் பம்பாய் மாகாணத் தக்காணத்திலும் மெரினோ கிடாய்களை இறக்கிப் பார்த்தார்கள். வெயிலும் நோயும் அந்த முயற்சிகளை முடித்துவைத்தன. விடுதலைக்குப் பிறகும் அதே கனவு வேறு பெயரில் தொடர்ந்தது. 1962இல் ராஜஸ்தானின் அவிகாநகரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1969–70இல் ஆஸ்திரேலிய ஒத்துழைப்போடு ஹிசாரில் மத்திய ஆட்டுப் பண்ணை தொடங்கி, கோரிடேல் ஆடுகளை வளர்த்தார்கள். ஹைதராபாத்துக்கு அருகே மாமிடிப்பள்ளியிலும், கர்நாடகத்தில் கம்பளி நெசவுக்குப் பெயர்போன சள்ளக்கெரேயிலும் பெரிய பண்ணைகள் எழுந்தன. கொங்கடித் தறியின் வாசலிலேயே வெள்ளை மென்மயிர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தறிக்கு வேண்டியதோ கறுப்பும் முரடும். தீவனம் தட்டில் வந்தால் மட்டும் நிமிரும் ஆடு, நாளுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கும் மந்தையோடு ஒட்டவுமில்லை. அந்த விஞ்ஞானிகளின் உழைப்பை நான் குறைக்கவில்லை. வெளிநாட்டுக் கூட்டுமுயற்சி எல்லாமே வீண் என்பதும் தவறு. மகாராஷ்டிரத்துப் பல்தணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து, சுந்தரவனத்துக் கரோல் ஆட்டில் உள்ள இரட்டைக்குட்டி மரபணுவைத் தக்காணி ஆட்டுக்குக் கொண்டுவந்து நாரி சுவர்ணா என்ற இனத்தை உருவாக்கியது. 1790களில் வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போன ஆடுகள் வழியாக ஆஸ்திரேலிய பூரூலா மெரினோவில் சேர்ந்ததும் இதே மரபணுதான் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. மேய்ப்பரின் மந்தையிலேயே சோதித்து, அவர் பிழைக்கும் விதத்தை ஒட்டிச் செய்த வேலை அது, அதனால் பலித்தது. ஆனால் அதன் குறி குட்டி எண்ணிக்கை, இறைச்சி. கம்பளிக்கு அப்படியொரு பொறுமையான வேலையை எவரும் செய்யவில்லை.

இது தெலங்கானாவின் கதை மட்டுமல்ல, தமிழ்நாடும் தப்பவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆடும் முரட்டுக் கம்பளி ஆடுதான். அதை வைத்தும் கம்பளி நெய்தார்கள். அரசின் கண்ணோ மலைமேல் இருந்தது. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே மெரினோ முதலிய சீமை இனங்கள் கலந்து நீலகிரி ஆடு உருவானது, சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் அவிகாநகர் நிறுவனத்தின் தென்மண்டலப் பண்ணை பாரத் மெரினோவை வளர்க்கிறது. குளிர்மலைக்கு மென்கம்பளி பொருந்தும், அதில் தவறில்லை. சமவெளி ஆட்டின் மயிரை என்ன செய்வது என்பதற்கு அதே அளவு பணமும் ஆளும் ஒதுக்கியிருந்தால், குரும்பை ஆட்டை வைத்திருப்பவருக்கு இறைச்சி விலை தவிர இன்னொரு வரவும் இருந்திருக்கும்.

உடம்பில் குத்துகிற கம்பளியை இந்தக் காலத்தில் யார் வாங்குவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலுக்கு எதிரான வலுவான வாதம். பானிபட் ஆலைகள் உலகத்துப் பழைய துணிகளைக் கிழித்து நூலாக்கி நெய்யும் போர்வை, கொங்கடியின் விலையில் சிறு பங்குக்கு வருகிறது. படைக்கும் அரசுத் துறைகளுக்கும் முரட்டுக் கம்பளி போன காலமும் முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவோடு செய்த வணிக உடன்பாட்டின்படி 2022 டிசம்பர் 29 முதல் அங்கிருந்து வரும் கம்பளிக்கு இறக்குமதி வரியே இல்லை. இந்த நிலையில் தோலில் படும் ஆடையாகத் தக்காணி மயிரை விற்க முயல்வது வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பளியின் உபயோகம் சட்டையோடு முடிவதில்லை. நம் கம்பள ஆலைகள் நியூசிலாந்திலிருந்து முரட்டு மயிரைக் காசு கொடுத்து வரவழைக்கின்றன. கம்பளத்துக்கு மென்மையைவிட, மிதிபட்டாலும் நிமிர்ந்து நிற்கும் விறைப்புத்தான் முக்கியம். வாரங்கல் கம்பளங்கள் 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் போய்ப் பெயர் வாங்கியவை. விரிப்புக் கலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கறுப்பு மயிரில் சாயம் ஏறாது, கம்பளக்காரருக்கு வெள்ளைதான் வேண்டும் என்பது மெய்யான தடை. அதற்கு ஒரே பதில், சாயமே தேவைப்படாத பொருட்களைச் செய்வது: இயற்கைக் கறுப்பிலும் பழுப்பிலும் விரிப்புகள், நெய்யாமல் அழுத்திச் செய்யும் தகடுகள், கூரைக்கும் சுவருக்கும் வெப்பத் தடுப்பு, நாற்று மேடைக்கு ஈரம் காக்கும் மூடாக்கு. இவற்றுக்கெல்லாம் முதல் தேவை அளவு. ஒரு மாவட்டம் திரட்டும் மயிரை நம்பி எந்த ஆலையும் இயந்திரத்தை மாற்றாது. மூன்று மாநிலத்து மயிரையும் ஒரே தரப்பட்டியலில் பிரித்து, ஒரே இடத்தில் குவித்தால் ஆலைக்காரர் பேச உட்காருவார். ஒத்துழைப்பு என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இந்தச் சாதாரணக் கணக்குதான்.

இறைச்சியில் நல்ல காசு வரும்போது மேய்ப்பர் ஏன் கம்பளி ஆட்டைக் கட்டி அழ வேண்டும் என்பதும் நேர்மையான கேள்வி. வரவில் பெரும்பங்கு இறைச்சியிலிருந்து வருவதால் நெல்லூர்க் கிடாயை வாங்கிய மேய்ப்பரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தக்காணியும் இறைச்சி ஆடுதான். கம்பளி அதற்கு மேல் வரும் வரவு. அடைமழையில் வெட்டவெளியில் நிற்கும் மந்தைக்கு மயிர்தான் போர்வை என்பதால், நீண்ட நடைக்குத் தக்காணியே தாங்கும் என்று பழைய மேய்ப்பர்கள் சொல்வதை எவரும் தள்ளிவிட முடியாது. கிலோவுக்குச் சில ரூபாய் கிடைத்தாலும் கத்தரிக்கும் கூலி மிஞ்சும். மந்தையில் கறுப்பு மயிர்க் கிடாயை வைத்திருக்க அதுவே போதுமான காரணமாகும். மேதக் வட்டாரத்தில் மேய்ப்பர்கள் தக்காணி ஆட்டின் பெயராலேயே ஒரு சங்கம் வைத்து இயங்கியிருக்கிறார்கள். விருப்பம் கீழிருந்தே வந்திருக்கிறது. பதில் சொல்ல மேலே ஒரு பொது அமைப்பு இல்லை.

அப்படியொரு அமைப்பு நடைமுறைக்கு ஒத்துவராது என்பாருக்குக் கோலாப்பூர்ச் செருப்பைக் காட்டலாம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எல்லைத் தகராறில் பல பத்தாண்டு நீதிமன்றம் ஏறியிருக்கும் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் பக்கத்துக்கு நான்கு மாவட்டங்களாக எட்டு மாவட்டங்களைச் சேர்த்து அந்தப் பெயரைக் கூட்டாக வாங்கின. குறியீடு மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதும் அங்கேயே தெரிந்தது. 2025இல் மிலான் நகர ஆடைக் காட்சியில் அதே வடிவத்தை ஓர் இத்தாலிய நிறுவனம் பெயர் சொல்லாமல் காட்டிய பிறகுதான் நாடே அதைப் பற்றிப் பேசியது. பெயரைப் பாதுகாப்பதைவிடக் கம்பளிக்கு அவசரம், பொருளைப் பாதுகாப்பது. ஜோத்பூரில் 1987 முதல் மத்தியக் கம்பளி வளர்ச்சி வாரியம் இருக்கிறது. கர்நாடகத்தில் ஆட்டுக்கும் கம்பளிக்கும் கழகம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அகில்யாதேவி பெயரில் ஆட்டு வளர்ச்சிக் கழகம், தெலங்கானாவில் ஆட்டுக் கூட்டுறவு இணையம் இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. தக்காணி வழங்கும் மாவட்டங்களுக்கு மூவரும் சேர்ந்து ஒரே இனவிருத்திக் கொள்கை எழுதி, அந்த மாவட்டங்களில் வேற்றினக் கிடாய்க்கு மானியம் கொடுப்பதை நிறுத்தி, கறுப்புக் கிடாய்களை எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாற்றிக்கொள்வது முதல் வேலை. மயிர் திரட்டும் மையத்தை நாராயண்கேடிலோ பீதரிலோ இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தாலும் குடிமுழுகாது. நூற்கவும் நெய்யவும் தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து கற்கும் ஏற்பாட்டையும் உடனே தொடங்க வேண்டும்; ஆனாலும் துணியையும் கருவியையும் பார்த்து, தவறித் தவறியாவது, பிற்காலத்தில் ஒருவர் தறியை மறுபடி கட்டிவிட முடியும். நெல்லூர்க் கிடாய் தலைமுறை தலைமுறையாகக் கலந்த மந்தையிலிருந்து தக்காணி மயிரை மீட்டெடுக்க வழி இல்லை. ஆகவே கிடாயில்தான் தொடங்க வேண்டும், அதுவும் மூன்று மாநிலங்களும் ஒரே பருவத்தில்.